கீழ்த்தளத்துக் கௌரவ உறுப்பினர்

பாராளுமன்றச் சிறப்புரிமை என்பது யாது என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் பல்லாண்டு கற்பித்திருக்கிறேன். மக்கள் பிரதிநிதி ஒருவர் சபைக்குச் செல்லும் வழியில் அவரை எவரும் மறிக்கலாகாது. மறிப்பவன் ஓர் ஆளை மறிக்கவில்லை, அவருக்கு வாக்களித்த அத்தனை பேரையும் மறிக்கிறான் என்று கரும்பலகையில் எழுதி அடிக்கோடும் இட்டிருக்கிறேன். பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதினார்கள், பரீட்சையில் சித்தியும் எய்தினார்கள். அவர்களுள் எவரும் அதனால் கெட்டுப்போனதாகத் தகவல் இல்லை. ஓய்வுபெற்ற பின் அதே பாடத்தைப் பெரியவர்களுக்குச் சொல்லப்போய்க் கெட்டவன் நான் ஒருவன்தான்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளுள் ஒன்றில், 'நெய்தல் கோர்ட்' என்னும் எட்டு மாடித் தொடர்மாடி நிற்கிறது. நான்காம் மாடியில் நானும் என் மனைவியும் வசிக்கிறோம். அங்கே முகாமைத்துவக் குழு என்று ஒன்று இருந்தது. தண்ணீர்த் தாங்கி கழுவுவது பற்றித் தொடங்கும் அதன் கூட்டம், ஒருவருடைய மருமகனுக்குக் கனடா விசா கிடைக்காத காரணத்தை மற்றவர் விளக்குவதில் முடியும். இந்த அவலத்தைக் கண்டு பொறாத நான், கூட்டத்தைப் பாராளுமன்ற முறைப்படி நடத்தினால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். கேட்டதும் எல்லோரும் உடன்பட்டார்கள். அந்த வேகத்தைக் கண்டாவது நான் ஐயுற்றிருக்க வேண்டும்.

“வீட்டில கதை எடுபடாத ஆக்கள் எல்லாரும் சேர்ந்து, இனிக் கூரையில ஏறி நிண்டு கதைக்கப்போறியள். அவ்வளவுதானே?” என்றாள் என் மனைவி.

கூரை என்று அவள் சொன்னது உவமையன்று. சபை மொட்டைமாடியில் கூடுவதென்று முடிவாகியிருந்தது. முடிவாக்கியவர் ஏழாம் மாடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற சட்டத்தரணி வரதராசா. “சபை எண்டால் ஓர் உயரத்தில இருக்கவேணும் மாஸ்டர். கார் விடுற இடத்தில இருந்து சட்டம் இயற்றேலுமோ?” என்றார். லிப்ட் எட்டாம் மாடியோடு நின்றுவிடும். அதற்கு மேல், ஒருவர் பின் ஒருவராக மட்டும் ஏறக்கூடிய சுருள் இரும்புப் படி. அதன் உச்சியில் ஒரு தகரக் கதவு. கதவுக்கு அப்பால் பிளாஸ்டிக் கதிரைகளும், மேலே இழுத்துக் கட்டிய ஒரு தறப்பாளும், கடற்காற்றும். இதுவே எங்கள் பேரவை. ஒவ்வொரு தளத்திற்கும் ஓர் உறுப்பினர் என்று சபையின் அரசியலமைப்பாகிய யாப்பில் நானே எழுதினேன். என்னைச் சபாநாயகராக்கினார்கள். பழைய பாடசாலை மணி ஒன்று என் கைக்கு வந்தது. சிங்களவரான வாயிற் காவலர் ஹெக்டர், சபையின் கதவைக் காக்கும் படைக்கலச் சேவிதரானார். சம்பளம் கூடுமா என்று அவர் கேட்டதற்கு, மரியாதை கூடும் என்று வரதராசா பதிலளித்தார்.

முதல் சிறப்புரிமைப் பிரச்சினை தேங்காயில் தொடங்கியது.

ஐந்தாம் மாடி உறுப்பினர் ஜெயகுமார், இரண்டு வான்களும் ஒரு காரும் உடைய இரும்புக்கடை முதலாளி. அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அமர்வுக்குப் பிந்தி வந்தார். காரணம் கேட்டபோது, புறப்படும் வேளையில் மனைவி நாகேஸ்வரி தேங்காய் திருவித் தந்துவிட்டுப் போகும்படி சொன்னதாகக் கூறினார். வரதராசா துள்ளி எழுந்தார். ஓர் உறுப்பினர் சபைக்கு வரும் உரிமை, சமையலறை வாசலிலேயே மீறப்பட்டுவிட்டது என்றார். சிறப்புரிமைக் குழு நியமிக்கப்பட்டது. நாகேஸ்வரி அழைக்கப்பட்டார்.

“ஓம், மறிச்சனான்தான்,” என்றார் அவர். “ஐஞ்சாம் மாடி முழுக்க இவருக்குப் போட்டது. ஆனால் ஐஞ்சாம் மாடியில ஆர் தேங்காய் திருவுறது? அதையும் உங்கட சபையில ஒருக்காத் தீர்மானிச்சு விடுங்கோவன், சபாநாயகர்.”

குழு அவரைக் கண்டித்தது. அவர் அந்தக் கண்டனத்தை அமைதியாக ஏற்றுக்கொண்டு, அமர்வு நாள்களில் கணவருக்குச் சமைப்பதை நிறுத்தினார். செய்தி மாடிக்கு மாடி பரவி, மற்ற உறுப்பினர்களின் வீட்டு அடுப்புகளும் ஞாயிறு மாலைகளில் அணைந்தன. அன்று முதல் எங்கள் கௌரவ உறுப்பினர்கள் அனைவரும், சட்டமியற்றிக் களைத்த பின், கீழ்த்தளத்தில் இடியப்பம் விற்கும் ரதியின் கதவைத் தட்டலாயினர். இதனை நான் ஓர் அற்பச் செய்தியாகவே கருதியிருந்தேன்.

அடுத்தது படுக்கை விரிப்பு. மொட்டைமாடிக் கொடியில் யாரோ காயவிட்ட விரிப்பொன்று, காற்றில் எழுந்து, கதவால் நுழைந்த வரதராசாவின் முகத்தில் அறைந்தது. அவர் அதைத் தலையில் சுற்றியபடியே ஒழுங்குப் பிரச்சினை எழுப்பினார். விரிப்புக்கு ஓர் உறுப்பினரைத் தடுக்கும் நோக்கம் இருந்திருக்க முடியாதே என்று நான் மெல்லச் சொன்னேன்.

“நோக்கம் தேவையில்லை மாஸ்டர். விளைவு போதும். நான் உள்ளுக்கு வரேலாமல் போச்சுது, அவ்வளவுதான் கேள்வி.”

அன்றே இரு விதிகள் நிறைவேறின. சிறப்புரிமைப் பிரச்சினை ஒன்று எழுந்தால், அது தீரும்வரை வேறெதுவும் எடுக்கப்படலாகாது. சபையை ஒத்திவைக்கவும் கூடாது. இது ஒன்று; மற்றையது, முறைப்பாடு செய்த உறுப்பினரைக் கேளாமல் அதனைத் தீர்க்கக் கூடாது. இரண்டையும் வரதராசாவே வரைந்தார். விரிப்பைப் பற்றி அவர் விரிவாகக் கதைக்க விரும்பினார் என்பது வெளிப்படை. நானோ விதிகளின் வாக்கிய அமைதியில் மயங்கி, மணியடித்து அவற்றை ஏற்றேன். அமர்வு நாளில் எவரும் துணி காயவிடலாகாது என்றும், லிப்ட் உறுப்பினர்களுக்கு மட்டுமே உரியதென்றும் துணை விதிகள் தாமாகவே பின்தொடர்ந்தன. மூச்சிழுப்புள்ள ஆறாம் மாடி முதியவர் ஒருவர் படிகளில் இளைப்பாறியபடி எங்களைப் பார்த்த பார்வையை, ஜனநாயகத்தின் மீதான வியப்பு என்று நான் விளங்கிக்கொண்டேன்.

இவ்வளவிலும் நாங்கள் ஒன்றை மறந்திருந்தோம். ஒவ்வொரு தளத்திற்கும் ஓர் உறுப்பினர் என்றால், கீழ்த்தளமும் ஒரு தளந்தான்.

அங்கே வாகனத் தரிப்பிடத்தை ஒட்டி மூன்று சிறு வீடுகள் உள்ளன. தொடர்மாடியின் பொதுச்சொத்து, வாடகைக்கு விடப்பட்டவை. அவற்றுள் ஒன்றில் ரதி, தன் கணவர் சுந்தரலிங்கத்தோடும் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகள் நிருஷாவோடும் இருக்கிறாள். ரதியின் பெற்றோர் தேயிலைத் தோட்டத்தவர், அவள் வளர்ந்தது கொட்டாஞ்சேனையில். அங்கே வீதியில் வான் ஒன்று மோதி இடுப்பு முறிந்ததிலிருந்து இரு ஊன்றுகோல்களில் நடக்கிறாள். கீழ்த்தளத்தார் கூடி அவளைத் தெரிந்தெடுத்து, எனக்கு அறிவித்தார்கள். யாப்பைப் புரட்டிப் பார்த்தேன். தடுக்க வழியில்லை. எழுதியவன் நான்.

முதல் அமர்வுக்கு அவள் வந்தாள். மஞ்சள் பட்டுச் சேலை உடுத்திருந்தாள். லிப்டில் எட்டாம் மாடிவரை ஏறி, சுருள் படியின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

“சேர், நான் வந்திருக்கேன். ஆனா இதுல ஏற ஏலாது சேர்.”

மேலே பெரும் விவாதம் எழுந்தது. ரதிக்குச் சபைக்கு வரும் உரிமை உண்டா என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அவ்வுரிமை மறுக்க முடியாதது, பறிக்க முடியாதது, புனிதமானது என்று உறுப்பினர்கள் ஒருவரையொருவர் விஞ்சிப் பேசினர். ஜெயகுமார் கண் கலங்கினார். அந்த உரிமையைப் போற்றி ஏகமனதாகத் தீர்மானமும் நிறைவேறிற்று. அது நிறைவேறி முடிய, கீழே நின்றவளுக்குக் கால் வலித்து, அவள் திரும்பிப் போயிருந்தாள்.

அடுத்த ஞாயிறும் வந்தாள், அதே சேலை. “சேர், நீங்க எல்லாரும் கீழ வந்தா ஆகாதா? கார் விடுற எடத்துல நல்லா காத்து வரும் சேர்.”

“சபை உறுப்பினரிட்டப் போறேல்லை, பிள்ளை,” என்று வரதராசா படியின் உச்சியிலிருந்து விளக்கினார். “உறுப்பினர்தான் சபைக்கு வாறது. அதுதான் மரபு.”

இரண்டாம் மாடி உறுப்பினர் இஸ்ஸதீன், துணிக்கடைக்காரர், மெல்ல இருமினார். “அந்தப் புள்ளைய போன்ல பேசச் சொல்லுங்களேன் மாஸ்டர். நாங்க இங்க ஈந்து கேக்குற. என்ன குறைஞ்சு போகுது?”

“குரல் வந்தால் ஆள் வந்ததாகுமோ?” என்று வரதராசா சீறினார். “நாளைக்கு எல்லாரும் கட்டில்ல படுத்துக்கொண்டு வாக்களிப்பினம்.”

அப்போதுதான், என் வழக்கப்படி, நான் ஒரு கதை சொன்னேன். ஒரு காட்டில் காகங்கள் ஆலமரத்து உச்சியில் அவை கூட்டின. எல்லா உயிருக்கும் அவையில் இடமுண்டு என்று பறையறைந்தன. ஆமை வந்து வேரடியில் நின்றது. காகங்கள் ஆமைக்கென்று ஓர் ஆசனம் செய்தன, அதற்குப் பூச்சூட்டின, ஆமை வரவில்லையே என்று ஆண்டுதோறும் வருந்தவும் செய்தன. ஒருநாள் வேரடியில் தீப் பிடித்தது. அதை முதலில் கண்டது ஆமை. ஆனால் அதைச் சொல்ல வேண்டிய இடம் உச்சியில் இருந்தது.

சபை கைதட்டியது. “அருமை மாஸ்டர்! அந்தக் காகங்கள் எங்கட மாநகரசபைதானே?” என்று ஜெயகுமார் கேட்டார். வரதராசா, ஆமைக்கு மரமேறும் கடமை சட்டப்படி உண்டா என்று ஆராய்ந்தார். என் கதைகள் இதுவரை எவரையும் திருத்தியதில்லை, எவரையும் புண்படுத்தியதுமில்லை. இரண்டும் ஒரே காரணத்தால்தான் என்று இப்போது தோன்றுகிறது.

இறுதியில் தீர்ப்பு வழங்கினேன். வரதராசா வரைந்து தந்தது: “படி என்பது எவரையும் மறிக்கும் நோக்கம் உடையதன்று. நோக்கமின்றித் தடையில்லை. ஆதலால் உறுப்பினர் தடுக்கப்படவில்லை, வராதிருக்கிறார்.” விரிப்புக்கு நோக்கம் தேவையில்லை என்றும், படிக்குத் தேவை என்றும் ஒரே வாயால் தீர்ப்பளித்த முதல் சபாநாயகர் நானாகவே இருக்கலாம். அப்போது அது எனக்குப் புலப்படவில்லை. வசனம் அத்தனை அழகாக இருந்தது.

பின்பு வந்தது வாகனப் பிரேரணை. ஜெயகுமாரின் இரண்டாவது வானுக்குத் தரிப்பிடம் இல்லை. அவர் ஒரு ஞாயிறு ஒழுங்கையில் இடம் தேடிச் சுற்றி, அமர்வுக்குப் பிந்தினார். தரிப்பிடம் இன்மை உறுப்பினரைச் சபைக்கு வரவிடாமல் தடுக்கிறது. ஆகவே இது சிறப்புரிமை சார்ந்தது. ஆகவே கீழ்த்தளத்து மூன்று வீடுகளையும் வெறிதாக்கி, இடித்து, உறுப்பினர்களின் மேலதிக வாகனங்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று அவர் பிரேரித்தார். வரதராசா வழிமொழிந்தார். வாக்கெடுப்புக்கு ஒரு ஞாயிறு குறிக்கப்பட்டது.

“ஐஞ்சாம் மாடியில ஈக்குற மனுசன் கூரைக்கு வாறத்துக்கு வான் எதுக்கு?” என்று இஸ்ஸதீன் கேட்டார்.

“அது கொள்கை, இஸ்ஸதீன். கொள்கையைத் தூரம் அளந்து பார்க்கிறேல்லை,” என்றார் வரதராசா.

பிரேரணை நிறைவேறினால் ரதி குடும்பம் வீதிக்கு வரும். நிருஷாவின் பரீட்சையோ நெருங்கிக்கொண்டிருந்தது. ரதி என் வீட்டு வாசலுக்கு வந்து, “சேர், அன்னைக்கு நான் பேசணும் சேர். வேற ஒண்ணும் வேணாம். பேசிட்டு, நீங்க வீட்ட விட்டு எழும்பச் சொன்னா எழும்பிருவேன்,” என்றாள். சிறப்புரிமைப் பிரச்சினையாக எழுப்பலாம் என்று அவளுக்கு ஆலோசனை கூறினேன். எழுப்பினால் என்ன நடக்கும் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. ஆனால் அது முறையான வழி என்று உறுதியளித்தேன்.

இதற்கிடையில் ஹெக்டர் பெரும் குற்றமொன்று இழைத்திருந்தார். அமர்வு நடக்கையில், பிரஷர் குளிசை கொண்டுவந்த வரதராசாவின் மனைவியை உள்ளே விட்டுவிட்டார். சபைக்குள் அந்நியர்! குளிசையை விழுங்கிய கையோடு வரதராசா ஹெக்டரைச் சிறப்புரிமைக் குழுவின் முன் நிறுத்தினார். “நோனா பாவம் எண்டு நினைச்சது மஹத்தயா,” என்றார் ஹெக்டர், அம்மாவையும் ஐயாவையும் தம் சிங்களத்திலேயே சொல்லி. நினைப்பது படைக்கலச் சேவிதரின் கடமையன்று என்று குழு அவருக்கு உணர்த்தியது. இனி அமர்வு தொடங்கியதும் கதவைப் படிப்பக்கம் பூட்டிவிட்டு, அவர் கீழே வாயிலுக்குப் போய்விட வேண்டும். அமர்வு முடிந்ததென்று சபாநாயகர் அறிவித்தாலோ, அமர்வுக்கு வரும் உறுப்பினர் ஒருவர் கேட்டாலோ மட்டுமே திறக்க வேண்டும். உள்ளிருப்பவர் எவர் கேட்டாலும் திறக்கலாகாது. இந்தக் கடைசி வாசகத்திற்கு வேறொரு பயனும் இருந்தது: வரதராசா பேசும்போது உறுப்பினர்கள் நழுவிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அந்த ஞாயிறு வந்தது. பிற்பகலில் கூடினோம். ஹெக்டர் பூட்டிவிட்டு இறங்கினார். கீழ்த்தள உறுப்பினர், தாம் சபைக்கு வர இயலாதிருப்பதைச் சிறப்புரிமைப் பிரச்சினையாக எழுப்பியிருக்கிறார் என்று அறிவித்தேன். நிராகரிப்போம் என்றார் ஜெயகுமார். முறைப்பாட்டாளரைக் கேட்காமல் நிராகரிக்க விதியில்லை. கேட்பதற்கு அவர் இங்கே இல்லை. அவர் இல்லாததுதான் முறைப்பாடு. சரி, இன்னொரு நாளைக்குத் தள்ளிவைப்போம் என்றார் வேறொருவர். பிரச்சினை தீராமல் ஒத்திவைக்கவும் விதியில்லை. சபை தன் விதிகளின் அழகை வியந்தது.

கடல் பக்கம் கறுத்திருந்தது. வரதராசா எழுந்து இந்த நிலைமையை விளக்கத் தொடங்கினார். விளக்கிக்கொண்டிருக்கையில் மழை வந்தது. வெள்ளவத்தை மழை மேலிருந்து விழுவதில்லை. கடலிலிருந்து குறுக்கே வந்து அறையும். எங்கள் தலைக்கு மேலிருந்த தறப்பாள் ஒரு நொடி யோசித்துவிட்டுத் தெஹிவளைப் பக்கம் பறந்தது.

“மாஸ்டர், கூட்டம் முடிஞ்சுது எண்டு சொல்லுங்கோ!” என்று ஜெயகுமார் கத்தினார்.

“முடியவில்லையே.”

“ஐயோ, பொய்யாவது சொல்லுங்கோ மனுசன்!”

மணியடிக்கும் முன் பாடத்தை முடித்தவனல்லன் நான். வரதராசாவைப் பார்த்தேன். மூக்கு நுனியில் நீர் வடிய, “சட்டப்படி முடியேல்லைத்தான்,” என்றார் அவர். அந்த நேர்மைக்காக அவரை இன்றும் மதிக்கிறேன்.

இஸ்ஸதீன் தொலைபேசியைச் சட்டைக்குள் மறைத்து ஹெக்டரை அழைத்தார். எல்லோரும் கேட்கும்படி ஒலியைக் கூட்டினார்.

“ஹெக்டர், கதவத் தொறங்க!”

“அமர்வு முடிஞ்சதா மஹத்தயா?”

“முடியல்ல.”

“அப்ப திறக்க ஏலாது மஹத்தயா. உள்ளுக்கு இருக்கிற ஆள் சொன்னா திறக்க வேணாம் எண்டு நீங்கதானே சொன்னது.”

“நனையுறோம் ஹெக்டர், கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க!”

“யோசிக்க வேணாம் எண்டும் சொன்னது மஹத்தயா.” சற்று நிறுத்தி, இரக்கத்தோடு தொடர்ந்தார்: “வெளிய இருந்து வாற மெம்பர் கேட்டா திறக்கலாம். வெளிய இப்ப ஒரு மெம்பர்தான் இருக்கு. ரதி நோனா.”

அவள் பக்கத்திலேதான் நின்றாள். மஞ்சள் சேலை உடுத்து, லிப்ட் அடியில் காத்திருந்தாளாம். இஸ்ஸதீன் விடயத்தைச் சொன்னார். நீ அமர்வுக்கு வருவதாகச் சொல்லிக் கதவைத் திறக்கும்படி ஹெக்டரிடம் கேள், போதும் என்றார்.

தொலைபேசியில் ரதியின் குரல் வந்தது.

“கேக்குறேன் சேர். அதுக்கென்ன, பாவம் நனையுறீங்க. ஆனா ஒண்ணு புரியல. நான் கேட்டாத்தான் தொறப்பாருன்னா, நான் வந்த ஆளா, வராத ஆளா? அன்னைக்கு வராத ஆளுன்னு சொன்னீங்களே.”

இடி இடித்தது. எல்லோரும் வரதராசாவைப் பார்த்தனர். அவர் தலைமயிர் நெற்றியில் ஒட்டி, பத்தாம் வகுப்பில் வீட்டுவேலை செய்யாது வந்த பிள்ளையைப் போல் நின்றார்.

“வந்த ஆள்தான்! வந்திட்டா எண்டு எழுதுங்கோ மாஸ்டர்! குரல் வந்தால் ஆள் வந்தமாதிரித்தான்!”

சபை ஏகமனதாக ஆமோதித்தது. எங்கள் வரலாற்றில் உரையின்றி நிறைவேறிய ஒரே தீர்மானம் அது. கீழ்த்தள உறுப்பினர் தாம் நிற்கும் இடத்தில் நின்றபடியே சபைக்கு வந்துவிட்டார். ஆகவே சிறப்புரிமைப் பிரச்சினை தீர்ந்தது என்று தீர்ப்பளித்தேன். அடுத்த விடயம் வாகனப் பிரேரணை என்றும் அறிவித்தேன். அதை யாரும் கேட்கவில்லை. ரதி கேட்க, ஹெக்டர் ஏறிவந்து கதவைத் திறந்துவிட்டிருந்தார்.

சுருள் படியில் கௌரவ உறுப்பினர்கள் ஒருவர் மேல் ஒருவர் இறங்கி லிப்டுக்குள் நெருங்கினர். நானும் கால் வைத்ததும் லிப்ட் அலறிற்று. “மாஸ்டர், நீங்கள் அடுத்ததில வாங்கோ,” என்று ஜெயகுமார் என்னை மென்மையாக வெளியே தள்ளினார். சபையை ஒத்திவைக்கப் பிரேரிக்க ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

அடுத்த லிப்டில் ஹெக்டரோடு ஏறிய நான், நான்காம் மாடியில் இறங்கித் துவட்டியிருக்க வேண்டியவன். நேரே கீழ்த்தளம் சென்றேன். மனச்சாட்சி உந்தியது என்று எழுத ஆசைதான். ஆனால் அன்று ஞாயிறு. என் வீட்டிலும் அடுப்பில்லை. கீழிருந்து இடியப்பத்தின் ஆவி மணம் லிப்டுக்குள் ஏறிவந்தது.

ரதி ஊன்றுகோல்களில் நிமிர்ந்து நின்றாள். “சேர், கூட்டம் முடிஞ்சிருச்சா?”

முடியவில்லை. ஒத்திவைக்கப்படாத சபை, எட்டு மாடிகளையும் ஊடுருவி, உறுப்பினர் ஒருவர் நிற்கும் இந்தத் தரிப்பிடம்வரை நீண்டு கிடந்தது. சபாநாயகர் இருந்தார். மணியும் கையில் இருந்தது. மற்றவர்கள் எவராலும் மறிக்கப்படாமல், தத்தம் விருப்பப்படி, தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள்.

“இல்லை,” என்றேன். “கீழ்த்தளத்துக் கௌரவ உறுப்பினர் பேசலாம்.”

அவள் ஹெக்டரைப் பார்த்தாள். ஹெக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நேராக நின்றார்.

“எனக்குப் பேசத் தெரியாது சேர். கொட்டாஞ்சேனையில ஒரு வீட்டுக்காரரு மகனுக்குக் கல்யாணம்னு எங்கள எழுப்புனாரு. இன்னொருத்தரு ஒடைச்சுக் கட்டப்போறேன்னு எழுப்புனாரு. மனுசனுக்காக மனுசன் எழும்புறது, அது சரி சேர். வானுக்காக எழும்பச் சொன்னது இங்கதான். வான் மழையில நனைஞ்சா தொடைச்சு எடுக்கலாம். எம்புள்ள சோதனை எழுதணும் சேர். அவ்வளவுதான்.”

நான் கேட்ட பாராளுமன்ற உரைகளுள் இதுவே மிகக் குறுகியது. மணியடித்தேன். பிரேரணையை ஆதரிப்போர் 'ஆம்' என்க என்றேன். வாகனங்கள் மௌனமாக நின்றன. எதிர்ப்போர் 'இல்லை' என்க என்றேன்.

“இல்லை சேர்.”

“இல்லை என்போருக்கே வெற்றி,” என்று அறிவித்தேன். குரல் சற்று நடுங்கியது. குளிர் காரணம்.

அப்பொழுது லிப்ட் திறந்தது. உலர்ந்த சாரங்களோடும் கையில் பாத்திரங்களோடும் கௌரவ உறுப்பினர்கள் இறங்கினர். இடியப்பத்திற்கு வந்திருந்தனர். நடந்ததை ஹெக்டர் பெருமையோடு அவர்களுக்கு அறிவித்தார்.

“இது என்ன கூத்து மாஸ்டர்!” என்று வரதராசா கொதித்தார். “நாங்கள் இல்லாத நேரம் வாக்கெடுப்போ? கூட்டநடப்பெண் எங்கே, கோரம் எங்கே?”

“ஆள் போதாது என்பதை அவ்வேளை சபையில் இருக்கும் உறுப்பினர் ஒருவர் எழுப்ப வேண்டும், கௌரவ உறுப்பினரே. இருந்தவர் எழுப்பவில்லை.”

“அப்பிடி ஒண்ணு இருக்குன்னு எனக்குத் தெரியாது சேர்,” என்றாள் ரதி, மெய்யான வருத்தத்தோடு.

“சபைக்கு வாற என்ர உரிமை மீறப்பட்டிருக்கு!”

“வரதராசா ஐயா,” என்றார் இஸ்ஸதீன். “நீங்க கீழ வரக்குள்ள ஒங்கள யாராச்சும் மறிச்சாங்களா?”

“இல்லை.”

“பொறகென்ன?”

ஜெயகுமார் தம் வானைப் பார்த்தார். பின்னர் தம் பாத்திரத்தைப் பார்த்தார். பாத்திரத்தை நீட்டினார். ரதி ஒரு முக்காலியில் அமர்ந்து, ஒவ்வொருவருக்கும் இடியப்பம் எண்ணி வைத்து, தேங்காய்ப்பால் சொதி விட்டு, சம்பலைத் தனியே கட்டிக் கொடுத்தாள். யாரும் யாரையும் முந்தவில்லை. கௌரவ உறுப்பினர் என்று எவரும் எவரையும் விளிக்கவுமில்லை. கொடுத்து முடித்தவள், நனைந்த என் சட்டையையும் கையிலிருந்த மணியையும் பார்த்துவிட்டு, முகத்தைத் தூக்கி, எட்டு மாடிக்கும் மேலே எங்கோ நோக்கினாள்.

“ஏன் சேர்,” என்று கேட்டாள், “இதுக்குத்தானா எல்லாரும் அம்புட்டு ஒசரம் ஏறிப் போனீங்க?”

வரதராசா, இன்னும் கொஞ்சம் சொதி விடும்படி பாத்திரத்தை நீட்டினார்.